குறட்டை நின்றால் டீ

அத்தியாயம் 14

அடுப்பு மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

முன்கடையில் பன்களைக் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்த பாப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரொட்டி வெந்ததும் மணி கத்துவதும், அப்பா ஓங்கி ஒரு தட்டுத் தட்டி அதன் வாயை மூடுவதும் அந்த வீட்டில் நாள் தவறாமல் நடப்பதுதான். முதல் தட்டு பன் முடிந்தது. இரண்டாவது தட்டையும் காலி செய்துவிட்டாள். மணி நிற்கவில்லை.

பிறகுதான் வாசனை வந்தது. ரொட்டி சிவக்கும் வாசனை இல்லை. கரியும் வாசனை.

"அப்பா!"

கையிலிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு அடுப்பறைக்கு ஓடினாள்.

அறை முழுக்கப் புகை. அடுப்பின் இரும்புக் கதவு இடுக்கிலிருந்து கறுப்புக் கறுப்பாகச் சுருண்டு வந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, மைதா மூட்டை மேல் உட்கார்ந்தபடி, மாவு பிசையும் மேசை மீது தலையைக் கவிழ்த்துக் கிடந்தார் அப்பா. ஒரு கன்னம் மாவில் புதைந்திருந்தது. மணி அவர் காதிலிருந்து ஒரு கை தூரத்தில் அலறிக்கொண்டிருந்தது.

பாப்பா அவர் முதுகைப் பார்த்தாள். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

உதட்டைப் பார்த்தாள். மை தொட்டாற்போல ஒரு நீலம்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் இரண்டும் ஒரேயடியாக ஓடின. அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிய உலுக்கில் மேசையிலிருந்த தட்டுகள் சடசடவென்று கீழே விழுந்தன. அந்தச் சத்தத்துக்கா, அவள் உலுக்கலுக்கா தெரியவில்லை, அப்பா திடீரென்று ஒரு மூச்சு இழுத்தார். என்ன மூச்சு அது! தண்ணீருக்குள் வெகுநேரம் அமுக்கி வைத்திருந்தவனை விட்டாற்போல. முகத்தடியில் கிடந்த மாவு புழுதியாகப் பறந்தது.

"யாரு? என்ன? ரொட்டி ஏத்தியாச்சா?"

"ரொட்டி ஏறி, வெந்து, கருகியே போச்சுப்பா!"

அவர் எழுந்தார். அடுப்பைத் திறந்தார். விடிந்ததும் போக வேண்டிய ரொட்டியில் பாதி அங்கே அடுப்புக்கரியாக உட்கார்ந்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ண மூடினேன். அவ்வளவுதான்" என்றார்.

*

மகளுக்கு வயது முப்பதை நெருங்கியாயிற்று, கேக்கின் மேல் அவள் போடும் க்ரீம் பூக்களுக்கென்றே தனி வாடிக்கையாளர்கள் உண்டு. இருந்தும் அந்த வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். அப்பா ஊருக்கெல்லாம் மாஸ்டர். அவர் அடுப்பை அவரைத் தவிர இன்னொருவர் தொடக் கூடாது என்பது சட்டம். பெற்ற மகனும் தொடக் கூடாது. அதனால்தான் மகன் வண்டி ஓட்டுகிறான். அதனால்தான் அப்பாவும் மகனும் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல், பாப்பாவைத் தபால்பெட்டியாக வைத்துக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

அந்த மாஸ்டருக்குத்தான் கொஞ்ச நாளாக என்னவோ ஆகியிருந்தது. உப்புப் போட்ட மாவுக்கே மறுபடி உப்புப் போட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சின் நடுவில் கண் சொருகினார். எழுந்ததும் தலை இடிக்கிறது என்றார். வயதாகிறது என்று அம்மா சொன்னாள். வயதாகிறது என்று எல்லோரும் நம்பினார்கள்.

இன்றைக்குப் பாப்பா நம்பவில்லை. அந்த அசையாத முதுகு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

"செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"இந்த அடுப்புச் சூட்டுக்குச் சாகாதவன், தூக்கத்துல சாவனா? போ, போயி கடையப் பாரு."

அம்மா வாசலில் வந்து நின்றாள். அவள் முதலில் பார்த்தது கரிந்த ரொட்டியை. அடுத்துப் பார்த்தது மகளின் முகத்தை. திட்டுவதற்கென்று திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?"

"அம்மா, அப்பா மூச்சு விடலம்மா. நான் பாத்தேன்."

"விடாம இப்ப யாரு பேசுறது?"

"இப்ப விடுறாரு. அப்ப விடல."

வெளியே ஹாரன் கேட்டது. அண்ணன் வண்டியோடு வந்துவிட்டான். இறங்கும்போதே கொட்டாவி. கண் இரண்டும் சிவந்திருந்தன. அப்பாவின் உள்வாங்கிய மோவாய் அப்படியே அவனுக்கு. அதை மறைக்கத்தான் தாடி வளர்த்திருக்கிறான் என்பது பாப்பாவின் நிரந்தரக் கேலி. வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி போன வாரத்திலிருந்து ஒட்டுநாடாவில் தொங்குகிறது. யாரோ ஸ்கூட்டர்காரன் உரசிவிட்டு நிற்காமல் போனானாம். முகம் தெரியாத அந்த ஸ்கூட்டர்காரனை, "கண்ண என்ன பிடறியிலயா வெச்சிருந்தான்?" என்று அம்மா இன்றுவரை விடாமல் சபித்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன் புகையைப் பார்த்தான். கரியைப் பார்த்தான்.

"பாப்பா, ஒங்கப்பாகிட்டச் சொல்லு. இத ரொட்டின்னு விக்க முடியாது, அடுப்பெரிக்க வேணா விக்கலாம்."

"பாப்பா, ஒங்கண்ணங்கிட்டச் சொல்லு. இருக்கிறத ஏத்திட்டுக் கெளம்பச் சொல்லு."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!" பாப்பா போட்ட சத்தத்தில் மணியே நின்றுபோனாற்போல இருந்தது. "அண்ணா, நீ ரொட்டியக் கொடுத்துட்டு நேரா வா. அப்பாவ டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறோம்."

*

டாக்டரம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. மாஸ்டரின் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். கழுத்தை அளந்தார். மோவாயைத் தொட்டுப் பார்த்தார்.

"மோவாய் பின்வாங்கியிருக்கு. நாக்குக்குப் பின்னால வழி ரொம்பக் குறுகல். இது பிறவி அமைப்பு."

"எங்கப்பாவுக்கும் இதே மோவாய்தான்" என்றார் மாஸ்டர், ஏதோ குடும்பச் சொத்தைச் சொல்வதுபோல.

ஆட்காட்டி விரலில் ஒரு சின்னக் கவ்வியை மாட்டினார்கள். அது எண்ணே காட்டவில்லை. வாழ்நாள் முழுக்கச் சுடுதட்டு பிடித்துத் தடித்த தோல். சுண்டு விரலுக்கு மாற்றியதும்தான் பக்கத்திலிருந்த பெட்டியில் எண் எரிந்தது. ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்பதைக் காட்டும் எண்.

"தொண்ணூத்தஞ்சு. முழிச்சிருக்கும்போது பரவாயில்ல" என்றார் டாக்டரம்மா. அம்மாவிடம் திரும்பினார். "குறட்டை விடுவாரா?"

இதைக் கேட்டால் போதும், அம்மாவுக்கு மடை திறந்துவிடும்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! கல்யாணமான புதுசுல பூகம்பம்னு நெனச்சு எழுந்து வெளில ஓடினவ நான். இவரு ராத்திரி பூரா அடுப்புல நிப்பாரு, பகல்ல மாடில தூங்குவாரு. கடைக்கு வர்றவங்க, மேல என்னம்மா லாரி ரிவர்ஸ் எடுக்குதான்னு கேப்பாங்க. லீவு நாள்ல பக்கத்துல படுக்க முடியாம இப்ப நான் மக ரூம்லதான்..."

டாக்டரம்மா கையை உயர்த்தினார். அம்மா நிறுத்தினாள்.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தவாக்கிலேயே தூங்கிப்போயிருந்தார்.

அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. எழுப்பப் போனவளை டாக்டரம்மா தடுத்தார்.

"எழுப்பாதீங்க. கொஞ்சம் பாருங்க."

முதலில் குறட்டை. வழக்கமான, வீட்டுக் குறட்டை. அப்புறம் அது தேய்ந்து, ஒரு விக்கலோடு நின்றது. அறை அமைதியானது. சுவரிலிருந்த மின்விசிறிச் சத்தம் மட்டும்.

பாப்பா அவர் நெஞ்சைப் பார்த்தாள். நெஞ்சு இழுத்தது. வயிறு இழுத்தது. காற்று மட்டும் உள்ளே போகவில்லை. வெளியே தாழ் போட்ட கதவை உள்ளிருந்து ஒரு ஆள் முட்டி முட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

பெட்டியில் எண் இறங்கியது. தொண்ணூறு. எண்பத்தாறு.

"டாக்டர்..."

"பொறுங்க."

எண்பது. எழுபத்தெட்டு. காலையில் பார்த்த அதே நீலம் உதட்டோரம் ஊறி வந்தது. தன்னையறியாமல் பாப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளால் முடியவில்லை. அவள் விட்டுவிட்டாள். அவர் இன்னும் விடவில்லை.

அடுத்த கணம் மாஸ்டர் உடம்பு தூக்கிப்போட்டது. "ஹ்ராக்" என்று ஒரு மூச்சு. கண்ணைத் திறந்தார். எதிரே மூன்று முகங்கள்.

"என்ன? கேட்டுட்டுத்தான் இருக்கேன். லாரி ரிவர்ஸு... சொல்லு, சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா மெல்லச் சொன்னார். "தூங்கும்போது எல்லாருக்கும் தொண்டைச் சதை தளரும். இவருக்கு வழி ஏற்கெனவே குறுகல். தளர்ந்ததும் அடைச்சிடுது. நுரையீரல் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு, காத்து போக வழியில்ல. ரத்தத்துல பிராணவாயு குறையுது. மூளை பயந்துபோய், 'எழுந்திரு, செத்துடுவ'ன்னு ஒரு அடி போட்டு எழுப்புது. மூச்சு வருது. மறுபடி தூங்குறாரு. மறுபடி அடைக்குது."

"ஒரு தூக்கத்துல எத்தன தடவ?" என்று கேட்டாள் பாப்பா.

"அத அளந்துதான் பாக்கணும். சிலருக்கு நூறு நூறாப் போகும். ஒவ்வொரு தடவையும் இதயம், புலி துரத்தினா எப்படி ஓடுமோ அப்படி ஓடுது. ரத்தக்கொதிப்பு ஏறுது. இவரு தூங்கவே இல்லம்மா. படுத்துக்கிட்டு ஓடிக்கிட்டிருக்காரு. அதான் தலைவலி, மறதி, உக்காந்த இடத்துல கண்ணு சொருகுறது."

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"வீட்டுல குறட்டை இப்படி நடுவுல நின்னுபோறத யாருமே கவனிச்சதில்லையா?" என்றார் டாக்டரம்மா.

"கவனிக்காம என்ன? தினம் கவனிப்பேன்" என்றாள் அம்மா. "கடையில இருந்தாலும் காது மேலதான் இருக்கும்."

"நின்னா என்ன செய்வீங்க?"

"டீக்குத் தண்ணி வைப்பேன்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"குறட்டை நின்னா முழிச்சிட்டாருன்னு அர்த்தம். எழுந்து வரும்போது டீ ரெடியா இருக்கணும் அவருக்கு. அதான் தண்ணி வைப்பேன். கொதிக்கறதுக்குள்ள திரும்ப ஆரம்பிச்சிடுவாரு. சரி, பொரண்டு படுத்திருக்காருன்னு அடுப்ப அணைச்சிடுவேன். திரும்ப நிக்கும். திரும்ப வைப்பேன். சில நாள் அஞ்சாறு தடவகூட..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். சொன்னது என்னவென்று அவள் காதுக்கே அப்போதுதான் கேட்டது. அவள் முகம் வெளிறிப்போனதைப் பாப்பா பார்த்தாள்.

"அப்போ அந்த நேரமெல்லாம் இவரு..."

"அழாதீங்க" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்குத் தெரியாது. இனிமே தெரியும்."

அவர் ஒரு பட்டையும், மெல்லிய குழாயும், கவ்வியும் கொண்ட சின்னக் கருவியைக் கொடுத்தார். இன்றைக்கே அதை மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். அளவு தெரிந்ததும், காற்றை ஊதித் தொண்டையைத் திறந்தே வைக்கும் முகமூடி ஒன்று உண்டு, அதைக் கொடுக்கலாம். மோவாயைச் சரிசெய்வதைப் பற்றியும் யோசிக்கலாம். அதுவரை மல்லாக்கப் படுக்கக் கூடாது, ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும்.

"அடுப்புப் பக்கத்துல தனியா நிக்கக் கூடாது. வண்டி ஓட்டவே கூடாது. ரெண்டு நொடி கண்ணு சொருகினா போதும்."

கதவில் சாய்ந்து நின்ற அண்ணன் கொட்டாவியை மென்று விழுங்கினான்.

"அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது டாக்டர். அந்தக் கவலையே வேணாம்."

*

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் முன்னிருக்கையில் மாஸ்டர் அந்தக் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி எனக்கு இது" என்றார்.

"மாட்டிக்கத்தான் வேணும்" என்றாள் பாப்பா.

"நான் அவ்வளவெல்லாம் குறட்டை விடுறதே இல்ல. இவளுங்க சும்மா ஏத்திச் சொல்லுறாளுங்க."

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அண்ணன் சிரித்தான். "பாப்பா, ஒங்கப்பாகிட்டச் சொல்லு. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவனுக்குத் தெரியும் அவரு விடுறாரா இல்லையான்னு. ஒரு நாளாவது நான் நிம்மதியாத் தூங்கி எழுந்திருக்கேனா? தூங்கி எழுந்தாலும் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. எல்லாம் அவரு உபயம்."

விடியற்காலை ரொட்டி கொண்டுபோகிறவனும் பகலில்தான் தூங்குகிறவன். மாடியில் ஒரே அறையைப் பலகைத் தடுப்பு போட்டு இரண்டாக்கி, ஆளுக்கொரு பக்கம்.

"வேணும்னா வேற எடம் பாத்துக்கட்டும்னு சொல்லு" என்றார் மாஸ்டர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

எதிரே ஒரு லாரி வந்தது. அண்ணன் கொஞ்சம் தாமதமாக ஒதுங்கினான். பாப்பாவுக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. அவள் கண் முழுக்க அப்பாவின் நெஞ்சின் மேல்தான் இருந்தது. ஏறுகிறதா, இறங்குகிறதா.

*

மதியம் மாஸ்டருக்கு நெஞ்சில் பட்டை, மூக்கில் குழாய், சுண்டு விரலில் கவ்வி. "ஒருக்களிச்சுப் படுங்க" என்று முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்தாள் பாப்பா. பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். அவர் ஒப்பவில்லை.

"நீ முறைச்சுப் பாத்துட்டு இருந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்? போ. கீழதானே இருக்க, கேக்கும்ல?"

அண்ணனும் மாடியேறிப் போனான். சாயங்காலம் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு ரொட்டி கொண்டுபோக வேண்டும். அதற்குள் கொஞ்சம் கண்ணயர வேண்டும்.

கீழே பாப்பா ஒரு கல்யாண கேக்கை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை க்ரீம் பிழிந்தது. பூ வரவில்லை, ஒவ்வொன்றும் உடைந்த பல்லாக வந்தது. அம்மா கல்லாவில் இருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் சின்ன அடுப்பும், அதன் மேல் டீக் கெட்டிலும். அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"அத எடுத்து உள்ள வெச்சிடட்டுமா?" என்று கேட்டாள் பாப்பா.

"எதை?"

"கெட்டில."

"வேணாம்" என்றாள் அம்மா. "அது என்ன பண்ணுச்சு? பண்ணினவ நான்."

அப்போது மேலே தொடங்கியது. மரத்தளம் வழியாக, மெதுவாக, பிறகு உறுமலாக. எத்தனையோ வருடங்களாக அந்தக் கடையின் பின்னணி இசை.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்றுவரை எரிச்சலூட்டிய சத்தம், இன்றைக்குக் காதில் தேனாக விழுந்தது.

"தூங்கிட்டாரு" என்றாள் அம்மா. "விடட்டும். நல்லா சத்தமா விடட்டும்."

தினமும் இந்த நேரத்துக்கு வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் உள்ளே வந்தார். மேலே பார்த்தார்.

"என்னம்மா, லாரி கெளம்பிடுச்சு போல?"

இரண்டு பெண்களும் ஆடாமல் அசையாமல் மேல்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு, ரொட்டியை வாங்கிக்கொண்டு, சில்லறையைக்கூட எண்ணாமல் வெளியே போய்விட்டார்.

உறுமல். உறுமல். ஒரு விக்கல்.

நின்றது.

அம்மாவின் கை தானாகப் பின்னால் போனது. எத்தனையோ வருடப் பழக்கம். அடுப்புத் திருகியைத் தொட்ட கை, சூடு பட்டாற்போல விலகியது. அந்தக் கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா."

"கேக்குதும்மா. பொறு. டாக்டர் சொன்னாங்கல்ல, தானா வந்துடும். மூளை எழுப்பிவிட்டுடும்."

மேலே சத்தமில்லை.

கேக்கின் மேல் பிழிந்த பூவிலிருந்து ஒரு இதழ் மெல்லச் சரிந்தது. தெருவில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு போனது. கடைக்கு வெளியே உலகம் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"வரல" என்றாள் அம்மா.

"வரும்."

"வரலடி!"

பாப்பா எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. மாடிப்படிக்குப் பாய்ந்தாள். முதல் படியில் கால் வைத்தபோது, அடுப்பறைக் கதவு திறந்தது.

கை முழங்கை வரை மாவோடு அங்கே நின்றார் அப்பா.

"என்ன, ரெண்டு பேரும் மேலயே பாத்துட்டு இருக்கீங்க? கூரை ஒழுகுதா?"

பாப்பாவுக்கு ஒரு நிமிடம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நீங்க... மேல படுத்திருந்தீங்களே?"

"அந்தக் கயித்தக் கட்டிக்கிட்டு எவன் தூங்குவான்? அப்பவே கழட்டி வெச்சிட்டுப் பின்பக்க ஏணி வழியா எறங்கிட்டேன். சாயங்கால மாவ யாரு பிசையறது? ஒன் கேக்கா பிசையும்?"

மேலே இன்னும் சத்தமில்லை.

அம்மா கல்லாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"அப்போ இத்தன நாளா நான் யாரு யாருக்கு டீக்குத் தண்ணி வெச்சேன்?"

பாப்பா அதற்குள் பாதி மாடி ஏறிவிட்டாள்.

அண்ணன் மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. தாடிக்குள் ஒளிந்திருந்த அந்த மோவாய் தொண்டைக்குள் சரிந்து போயிருந்தது. நெஞ்சு இழுத்தது, வயிறு இழுத்தது. தாழ் போட்ட கதவு. காலையில் டாக்டரம்மாவின் அறையில் பார்த்த அதே காட்சி; ஆள்தான் வேறு. அப்பாவைவிட முப்பது வயது இளைய ஆள்.

"அண்ணா! அண்ணா!"

அவளைத் தள்ளிக்கொண்டு ஒரு மாவுக்கை வந்தது. மாதக்கணக்கில் மகனோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர், அவன் தோளைப் பிடித்துப் புரட்டிப் போட்டு, வீடே அதிரக் கத்தினார்.

"டேய்! மூச்சு விடுடா! மூச்சு விடுடா என் ராசா!"

"ஹ்ராக்."

அண்ணன் விழித்தான். இருமினான். சட்டையில் ஒட்டியிருந்த ஈர மாவைப் பார்த்தான். கட்டிலைச் சுற்றி நின்ற மூன்று பேரையும் பார்த்தான்.

"என்ன ஆச்சு? அப்பாவுக்கு ஏதாவது...?" என்றவன், எதிரே நிற்பதே அப்பாதான் என்று கண்டு நிறுத்தினான். நெற்றியை அமுக்கிக்கொண்டான். "சே, மனுஷன் தூங்க முடியுதா இந்தக் குறட்டைல. தலை வெடிக்குது."

"அப்பா கீழ மாவு பிசைஞ்சிட்டிருந்தாருண்ணா" என்றாள் பாப்பா.

அவன் அப்பாவின் கைகளைப் பார்த்தான். பலகைத் தடுப்பைப் பார்த்தான். அதன் மறுபுறம், காலிக் கட்டிலில் கழற்றிப் போட்ட கருவி.

"வெளையாடாத."

"வண்டிச் சாவி எங்க?"

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு ரொட்டி வாடகை வண்டில போகட்டும். சாவியக் குடு."

"பைத்தியமா ஒனக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் அசதி. எல்லாருக்கும் வர்றதுதான். ஓட்டுறப்போ அப்பப்போ கண்ண மூடித் தொறந்தா..."

அவன் நிறுத்திக்கொண்டான். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவன் நிறுத்துவதுபோல் நிறுத்தினான்.

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார். மகனுக்கு அருகில், மிக அருகில். விடியலில் கரிந்த ரொட்டி முன்னால் நின்று தான் சொன்ன வார்த்தை அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கண்ண மூடினேன், அவ்வளவுதான்.

"அந்தக் கண்ணாடி" என்றார் மெதுவாக. நடுவில் பாப்பா இல்லை, தபால்பெட்டி இல்லை. "வண்டிக் கண்ணாடி எப்படிடா ஒடைஞ்சுது?"

"அதான் சொன்னேனே, ஸ்கூட்டர்..."

"எங்கிட்டச் சொல்லுடா."

அம்மா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். அவன் மூச்சு விடும் சத்தம் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"எதுல பட்டுச்சு, யார் மேல பட்டுச்சுன்னு எனக்கே தெரியாதுப்பா. நான் கண்ண முழிச்சப்போ வண்டி ஓடிட்டு இருந்துச்சு, கண்ணாடி ஒடைஞ்சிருந்துச்சு."